நிக்கோடீமஸ்: 14 பேர் வாழும் புல்வெளிக் குக்கிராமம், அதன் பெயர், அதன் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிக்கோடீமஸ் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டி என்ற மாவட்டத்தில். பக்கத்தில் சாலமன் ஆற்றின் தென்கிளை ஓடுகிறது. 24ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. சுற்றிலும் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளி. இன்று அதில் பெரும்பகுதி கோதுமை வயல். ஓடைக்கரையில் சில காட்டன்வுட் மரங்களைத் தவிர, ஆதியில் அங்கே நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முழுக்க வானம் பார்த்த பூமி.

எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

2020 கணக்கெடுப்பின்படி 14 பேர். மேயர், நகராட்சி எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை பராமரிக்கும் வரலாற்றுச் சின்னங்களில் இந்த ஊரும் ஒன்று. 14 பேர் இருக்கும் ஊருக்குக் கூட்டாட்சி அரசின் சீருடைக்காரர்கள் காவல் நிற்பதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் 1877க்குப் போக வேண்டும்.

ஊரை உருவாக்கியவர்கள் யார்?

ஒரு வெள்ளையரும் சில கறுப்பர்களும் சேர்ந்து 1877 ஏப்ரலில் தொடங்கிய 'நிக்கோடீமஸ் டவுன் கம்பெனி'. வெள்ளையர் டபிள்யூ. ஆர். ஹில்; அவர் தொழில் நிலம் விற்பது. கறுப்பர்களில் முக்கியமானவர்கள் தலைவராக இருந்த போதகர் டபிள்யூ. எச். ஸ்மித், போதகர் சைமன் ரவுண்ட்ரீ, சக்கரி ஃபிளெட்சர். குடியேறியவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி மாநிலத்து முன்னாள் அடிமைகள்; லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

அந்த ஆண்டில் ஏன்?

அடிமை முறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் விடுதலை கொடுத்தவர்கள் நிலம் கொடுக்கவில்லை. பழைய எஜமானின் வயலிலேயே வாரக்குடியாக உழைத்து, விளைச்சலில் பாதியை அவனுக்கு அளந்துவிட்டு, மீதியைக் கடனுக்குக் கொடுக்கும் வாழ்க்கைதான் பெரும்பாலோருக்கு வாய்த்தது. தென் மாநிலங்களில் கறுப்பர்களின் உரிமைக்கு ஓரளவு பாதுகாப்பாக நின்ற கூட்டாட்சிப் படைகளும் 1877இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. இனி இங்கே இருந்து பயனில்லை என்று பலர் முடிவு செய்தார்கள்.

கான்சஸ் கண்ணில் பட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, 1861இல் அடிமை முறை இல்லாத மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது அது. அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன் போரிட்ட மண். இன்னொன்று, 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம். சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கரைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் அங்கே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். விற்கப்பட்ட தகப்பனுக்கும் விற்கப்பட்ட தாய்க்கும் பிறந்தவர்களிடம் 160 ஏக்கர் என்று சொன்னால் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் பைபிளில் வரும் நிக்கொதேமுவா?

தமிழ் வேதாகமம் படித்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். யோவான் சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தில், இரவில் இயேசுவைத் தேடி வரும் பரிசேயர் நிக்கொதேமு. "ஒரு மனிதன் மறுபடியும் பிறக்க முடியுமா?" என்று விசாரிப்பவர். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே பெயர். ஊரை உருவாக்கியவர்களில் போதகர்கள் இருந்தார்கள். அடிமை வாழ்வை விட்டுப் புதிதாய்ப் பிறக்கக் கிளம்பியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரும் கிடைக்காது. அதனால் பைபிள் விளக்கத்தை இன்றும் சொல்பவர்கள் உண்டு.

ஆனால் சான்று வேறு பக்கம் சாய்கிறது.

அப்படியானால் எங்கிருந்து வந்தது?

ஒரு பாட்டிலிருந்து. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல் ஹென்றி கிளே வொர்க் என்ற வெள்ளையர் எழுதிய 'வேக் நிக்கோடீமஸ்' அன்று நாடெங்கும் பிரபலம். அதில் நிக்கோடீமஸ் ஓர் அடிமை. ஆப்பிரிக்காவில் பிறந்தவன், ஒரு பை தங்கத்துக்கு வாங்கப்பட்டவன், வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் உள்ளவன். பொந்து விழுந்த ஒரு பழைய மரத்தில் அவனைப் புதைக்கிறார்கள். சாகுமுன் அவன் வைத்த வேண்டுகோள் ஒன்றுதான்: விடுதலை நாள் விடியும்போது என்னை எழுப்புங்கள்.

பாட்டுதான் மூலம் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், டவுன் கம்பெனி 1877இல் அச்சிட்ட துண்டறிக்கையிலேயே அந்தப் பாட்டு இருக்கிறது. அதுவும் மாற்றி எழுதப்பட்ட வடிவில். மூலப் பாட்டில் ஆட்கள் கூடும் இடம் சதுப்பு நிலத்திலுள்ள ஒரு கம் மரம். துண்டறிக்கையில் அது 'மாபெரும் சாலமன் பள்ளத்தாக்கில் உள்ள காட்டன்வுட் மரத்தடி' ஆகிவிட்டது! செத்தவனை எழுப்பக் கூடும் இடம், மனை பார்க்கக் கூடும் இடமாக மாறிவிட்டது. தேர்தல் காலத்தில் சினிமாப் பாட்டின் மெட்டில் கட்சிப் பாட்டு போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உத்தியை விளக்கவே வேண்டாம்.

ஆக, இந்த ஊரில் ஒரு வீடு எழும்புமுன்பே பெயர் இருந்தது. விளம்பரத்துக்கென்று வைத்த பெயர். அதற்காக அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டு யார் எழுதியதாகவும் இருக்கட்டும், யார் விற்பதற்காகவும் இருக்கட்டும். 'விடிந்ததும் என்னை எழுப்பு' என்ற வரியை முன்னாள் அடிமைகள் தங்கள் வரியாகத்தான் கேட்டிருப்பார்கள். பிற்காலத்தில் இந்தப் பாட்டு நாயகனுக்கு ஊருக்குள் வாய்மொழி வரலாறும் வளர்ந்தது. நிக்கோடீமஸ் நிஜமாகவே வாழ்ந்தவன், அடிமைக் கப்பலில் வந்தவன், தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கியவன் என்று சொல்லிவந்தார்கள். அதற்கு ஆவணம் தேடுவது வீண் வேலை. தங்கள் ஊர்ப் பெயருக்கு எப்படிப்பட்ட ஆள் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள் என்பதை அந்தக் கதை சொல்கிறது. எனக்கு அது போதும்.

சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களும் இப்படித்தானா?

இல்லை. அங்கேதான் வேடிக்கை. கவுண்டியின் பெயர் கிரஹாம். 1863இல் சிக்கமாகா போரில் இறந்த படை அதிகாரி ஜான் கிரஹாமின் நினைவாக வைத்தது. கவுண்டித் தலைநகரின் பெயர் ஹில் சிட்டி. எந்த ஹில்? நம் மனை வியாபாரி ஹில்தான். நிக்கோடீமஸுக்கு மேற்கே இன்னோர் ஊரைத் தொடங்கி அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். கறுப்பர்களுக்கு விற்ற ஊருக்குப் பாட்டிலிருந்து பெயர், தனக்கென்று வைத்துக்கொண்ட ஊருக்குத் தன் பெயர். வரைபடத்தைப் பார்த்தால் ஒரு படைவீரர், ஒரு வியாபாரி, இவர்களுக்கு நடுவே ஓர் அடிமை. மூவரில் அந்த அடிமை மட்டும் பாட்டுக்கு வெளியே வாழ்ந்தானா என்பதே சந்தேகம்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, போய்ப் பார்த்தது ஒன்றா?

வேறு எப்படி இருக்கும்? மேற்குக் கான்சஸின் சாலமன் பள்ளத்தாக்கில் அரசு நிலத்தில் வீடு வாங்க இதுவே நேரம் என்று துண்டறிக்கை கூவியது. லெக்சிங்டனில் ஒட்டிய சுவரொட்டி இன்னும் எளிமையானது: கான்சஸ் போக விரும்பும் கறுப்பர்கள் எல்லோரும் 1877 செப்டம்பர் 5 அன்று ஐந்து டாலருக்குப் போகலாம்.

1877 ஜூலை இறுதியில் முதல் கூட்டம், சுமார் முப்பது பேர், போய்ச் சேர்ந்தது. செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து முந்நூறு பேர் ரயிலில் கிளம்பினார்கள். எல்லிஸ் என்ற ஊரோடு ரயில் பயணம் முடிந்தது. அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர் நடை. வந்து பார்த்தால் கடையும் இல்லை, தெருவும் இல்லை. மரம் இல்லை என்பதால் பலகை வீடும் இல்லை. மேட்டுச் சரிவிலும் தரையிலும் மண்ணைக் குடைந்து, மேலே புல்லையும் மண்ணையும் போட்டு மூடி, அதற்குள் முன்னால் வந்தவர்கள் குடியிருந்தார்கள். ஐம்பது அறுபது குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன. கோபம் கொண்டவர்கள் ஹில்லைத் தூக்கில் போடத் தேடினார்கள் என்றும் அவர் ஒளிந்து தப்பினார் என்றும் ஒரு கதை உண்டு.

1878இல் தன் கணவர் டேனியல் ஹிக்மன் என்ற போதகருடன் வந்த வில்லியானா ஹிக்மன், பல ஆண்டுகள் கழித்து அந்த நாளை நினைவுகூர்ந்தார். ஊர் வந்துவிட்டது என்று ஆண்கள் சத்தம் போடுகிறார்கள். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நிக்கோடீமஸ் எங்கே?" என்று கேட்கிறார். கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் கை காட்டி, அதுதான் என்கிறார். மக்கள் மண்ணுக்குள் குடியிருக்கிறார்கள். வில்லியானா அழத் தொடங்கிவிட்டார்.

அழுதவர் திரும்பிப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தார்கள்?

செப்டம்பரில் வந்தால் பயிர் வைக்க நேரம் கிடையாது. கையில் ஏரும் இல்லை, உழவு மாடும் இல்லை. ரயில்பாதை வேலைக்குச் சிலர் வெகுதூரம் நடந்துபோனார்கள். புல்வெளியில் கிடந்த காட்டெருமை எலும்புகளைப் பொறுக்கி விற்றார்கள். விறகுக்கு மரம் இல்லாததால் சூரியகாந்தித் தட்டையும் காட்டெருமைச் சாணம் காய்ந்த வறட்டியும் அடுப்பெரித்தன. பட்டினி நெருங்கிய வேளையில், வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்துகொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது சந்ததியினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அந்த ஓசேஜ் மக்களே சில ஆண்டுகளுக்குமுன் கான்சஸிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். 'அரசு நிலம்' என்று துண்டறிக்கை சொன்ன மண்ணெல்லாம் அதற்கு முன்பு பழங்குடிகளின் வேட்டை நிலமாக இருந்தது என்பது துண்டறிக்கையில் இல்லை.

வசந்தம் வந்ததும் மண்வெட்டியாலும் கொத்துக்கட்டையாலும் நிலத்தைக் கிளறினார்கள். பல்லாண்டுப் புல்லின் வேர் பின்னிக்கிடந்த தரை அது. கொத்தினால் பாளம் பாளமாகத்தான் பெயரும்.

ஹில் மோசடிக்காரரா?

பொய் சொன்னார், லாபம் பார்த்தார். கூடவே நின்ற கறுப்புப் போதகர்களும் அதே துண்டறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அன்றைய மேற்குப் பகுதியில் ஊர் விற்ற எல்லோரும், வெள்ளையருக்கு விற்றவர்கள் உட்பட, இப்படித்தான் விற்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசம்: ஏமாந்த வெள்ளைக் குடும்பம் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. எதிலிருந்து தப்பி வந்தார்களோ அங்கேதான் இவர்கள் திரும்ப வேண்டும். அதனால் என் கணக்கில் ஹில்லுக்கு மன்னிப்பு இல்லை.

நல்ல காலம் என்று ஒன்று இருந்ததா?

இருந்தது. 1880களில் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் எழுந்தன. ஃபிளெட்சர் முதல் தபால் அதிகாரி ஆனார். செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலை நடத்தினார். பள்ளிக்கூடம், தேவாலயங்கள், கடைகள், ஒரு பேஸ்பால் அணி எல்லாம் வந்தன. 1886இல் 'வெஸ்டர்ன் சைக்ளோன்', 1887இல் 'நிக்கோடீமஸ் என்டர்பிரைஸ்' என்று இரண்டு பத்திரிகைகள். சூறாவளி அடிக்கும் ஊரில் பத்திரிகைக்கே 'மேற்குச் சூறாவளி' என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

1878இல் இங்கு வந்த எட்வர்ட் மெக்கேப், 1882இல் கான்சஸ் மாநிலத்தின் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநில அளவிலான பதவிக்கு அங்கே தேர்வான முதல் கறுப்பர் அவர். பின்னால் ஓக்லஹோமா போய் லாங்ஸ்டன் என்ற கறுப்பர் ஊரை உருவாக்கினார்.

ரயில் ஏன் வரவில்லை?

வரும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1887இல் மிசௌரி பசிபிக் ரயில் கம்பெனியை வரவழைக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தார்கள். பத்துவருடம் முன்பு மண் குழிக்குள் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அந்த ரயில் வரவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் பசிபிக் பாதை போட்டது. ஆனால் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி. அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். சிலர் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

இது நிறவெறியால் வந்த முடிவா என்று கேட்பவர்கள் உண்டு. ரயில் ஒதுக்கிய வெள்ளையர் ஊர்களும் புல்வெளியெங்கும் செத்திருக்கின்றன; ரயில் கம்பெனிகளுக்குத் தாங்கள் நிலம் வைத்திருக்கும் இடத்தில் புது ஊர் எழுவதில்தான் லாபம். ஆனால் கடன் வாங்க வங்கியும் பேச ஆளும் இல்லாத ஊருக்கு விழும் அடி இரட்டிப்பாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு?

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கடை போனாலும் நிலம் இருந்ததால் விவசாயிகள் சுற்றுப்புறத்தில் தாக்குப்பிடித்தார்கள். 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் பொருளாதார மந்தமும் ஒன்றாக வந்தன. 1935இல் ஊருக்குள் 76 பேர், 1950இல் 16 பேர். 1953இல் தபால் நிலையம் மூடப்பட்டது.

பிறகு எப்படி வரலாற்றுச் சின்னம் ஆனது?

சந்ததியினர் விடவில்லை. 1976இல் தேசிய வரலாற்று அடையாளமாக அறிவிக்கப்பட்டது. 1996 நவம்பரில் தேசிய வரலாற்றுத் தலம் ஆனது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மறுகட்டமைப்புக் காலத்தில் கறுப்பர்கள் மேற்கே அமைத்த ஊர்களில் இன்றும் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

ஐந்து கட்டடங்கள் பாதுகாக்கப்படுகின்றன: ஹோட்டல், இரண்டு தேவாலயங்கள், 1918இல் கட்டிய பள்ளிக்கூடம், 1939இல் அரசு வேலைத் திட்டத்தில் கட்டிய டவுன்ஷிப் ஹால். மண் குழி வீடுகள் மிஞ்சவில்லை. அவை மிஞ்சக் கட்டியவை அல்ல.

'எக்ஸோடஸ்டர்' என்பவர்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. அந்தப் பெயர் 1879இல் மிசிசிப்பி, லூசியானா பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் கான்சஸுக்குக் கிளம்பியவர்களுக்கு உரியது. நிக்கோடீமஸ் அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது.

இந்த ஊரிலிருந்து புகழ்பெற்றவர்கள்?

மெக்கேப் தவிர, வெரில் சுவிட்சர். 1932இல் இங்கே பிறந்தவர். 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர். 2022இல் காலமானார்.

ஜூலையில் நடக்கும் திருவிழா என்ன?

ஹோம்கமிங். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசி வார இறுதியில், அமெரிக்கா முழுவதும் சிதறிய சந்ததியினர் வந்து கூடுகிறார்கள். ஊர்வலம், ஆராதனை, விருந்து, பந்து விளையாட்டு என்று சில நாள் போகும். 14 பேர் ஊரில் நூற்றுக்கணக்கானோர்.

இதன் பழைய பெயர் விடுதலை நாள் விழா. ஆனால் லிங்கன் அறிவித்த தேதியை வைத்து அல்ல. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையான 1834 ஆகஸ்ட் 1ஐ வைத்து. அமெரிக்கக் கறுப்பர்கள், தங்களுக்கு விடுதலை கிடைக்குமுன்பே, அயல்நாட்டு விடுதலையைத் தங்கள் நம்பிக்கையாகக் கொண்டாடிய வழக்கம் அது. தமிழர்களுக்கும் அந்த விடுதலையைத் தந்த பிரிட்டிஷ் சட்டத்தோடு ஒரு கசப்பான உறவு உண்டு. அது விடுவித்த கரும்புத் தோட்ட அடிமைகளின் இடத்தை நிரப்பத்தான் மொரீசியஸுக்கும் பிற காலனிகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். சென்னையிலிருந்து போன கப்பல்களில் நம்மவர்கள் இருந்தார்கள். ஒரே சட்டம், கான்சஸ் புல்வெளியில் அதற்குத் திருவிழா.

போய்ப் பார்க்க எது நல்ல சமயம்?

சாதாரண நாளில் போனால் பத்து நிமிடத்தில் ஊரைச் சுற்றிவிடலாம். காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்கும். கட்டடங்களின் கதையைப் பூங்கா ஊழியர்கள் சொல்வார்கள். பேச்சு கேட்க வேண்டும் என்றால் ஜூலைக் கடைசியில் போங்கள். அங்கே யாரிடமாவது ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்டால் சிலர் பாட்டைச் சொல்வார்கள், சிலர் கப்பலில் வந்த நிக்கோடீமஸைச் சொல்வார்கள். தேவாலயத்திலிருந்து வெளியே வருபவராக இருந்தால், யோவான் மூன்றாம் அதிகாரத்தைச் சொல்லவும் கூடும்.